பிப்ரவரிப் பக்கத்தில் நரின்

முன் சீட்டுக்கு யாரும் போட்டி போடாதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தலைநகர் பிஷ்கெக்கில் காலை ஆறு மணிக்கு, தெற்கே ஜலாலாபாத் போகும் ஷேர் டாக்ஸி கிளம்பியது. என்னோடு இரண்டு பேர் ஏறினார்கள். உகுல்கான் அக்கா அக்ரூட் காடுகள் இருக்கும் அந்தத் தெற்குப் பக்கத்துக்காரர், ஊர் திரும்புகிறார். தெமிர்போலோத் அண்ணன் இசிக்-குல் ஏரிக்கரைக்காரர். ஜலாலாபாத்தில் சம்பந்தி வீட்டுக்குப் புகைபோட்ட மீன் ஒரு மூட்டை கொண்டுபோகிறார். இருவரும் விழுந்தடித்துப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். "முன்னாடி மரியாதையான இடம், நீங்க உக்காருங்க தம்பி" என்றார் அக்கா. எனக்கு மரியாதை கிடைப்பது அபூர்வம் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜப்பானிலிருந்து தருவிக்கும் வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். அதனால் முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருப்பவன்தான் எட்டிப் பார்த்து "போலாம்", "வேணாம்" என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் முதலில் நசுங்குவதும் அவன்தான். ஆகவே பொறுப்பாகச் சொல்வான் என்று ஒரு நம்பிக்கை.

மூக்குக் கண்ணாடியைத் தேடவே இன்னொரு மூக்குக் கண்ணாடி தேவைப்படுகிற ஆள் நான். பெயர் எசென்கெல்தி. ஓர் அச்சகத்தில் ஆண்டுதோறும் வெளியாகும் காலண்டருக்கு வாசகம் எழுதுவது என் வேலை. மாதத்துக்கு ஒரு படம், படத்துக்கு இரண்டு வரி. நாட்டின் ஏழு மாகாணங்களில் எது அழகு, எதற்கு எந்த மாதம் என்று முடிவு செய்யும் மகத்தான அதிகாரம் பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது. அவற்றில் ஐந்தை நான் பார்த்ததே இல்லை. இந்த வருடம் யாரோ முதலாளியிடம் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "போய்க் கண்ணால பாத்துட்டு வந்து எழுது" என்று அனுப்பிவிட்டார். அக்ரூட் காட்டிலிருந்து ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

டிரைவர் ஜுமாகாதிர் நரின் மாகாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. அவர் கேட்ட கூலி மற்றவர்கள் கேட்டதில் பாதிதான். அதையும் நான் சந்தேகித்திருக்கலாம். ஆனால் மலிவு என்றால் என் மூளை லீவு எடுத்துக்கொள்ளும்.

தோ-அஷூ கணவாய்க்கு ஏறும் வளைவுகளில் முதல் பனி. அக்டோபர்தான், ஆனாலும் சாலையோரம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. முன்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு நத்தை மாதிரி ஏறியது. நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு எண்ணெய் டாங்கர் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"வேணாம்ண்ணே" என்றேன்.

வண்டி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, வேணாம். டாங்கர் வருது."

இன்னும் நகர்ந்தது. டாங்கரின் முகப்பு விளக்குகள், அதன் நெற்றியில் ஒட்டியிருந்த கழுகுப் படம், கழுகின் ஒற்றைக் கண், எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியே தேவையில்லை என்கிற அளவுக்கு.

"வேணாம்!" என்று கத்தினேன். டாங்கரும் கத்தியது. ஜுமாகாதிர் உதறிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டியின் என் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி டப்பென்று மடங்கிக்கொண்டது. டாங்கர் போய்விட்டது.

"வண்டி வந்தா சொல்லணும்ல தம்பி?" என்றார் ஜுமாகாதிர்.

"மூணு தடவை சொன்னேனேண்ணே."

"சொன்னீங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் பொய் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்.

பின்னால் அக்கா, "கடவுளே, என்ன ஓட்டறது இது!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். தெமிர்போலோத் அண்ணன் மீன் மூட்டைக்கு அடி பட்டுவிட்டதா என்று பார்த்தார்.

"அண்ணே, எங்கயாவது ஓரங்கட்டி ஒரு அரைமணி நேரம் கண்ணசந்துட்டுப் போலாமே" என்றேன், நைச்சியமாக.

"யாருக்குத் தூக்கம்? பொழுது சாயறதுக்குள்ள நான் ஜலாலாபாத்ல இருக்கணும். அங்க ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். பையிலிருந்து ஒரு உலர்ந்த தயிர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அந்தக் கடக் முடக் சத்தம் கேட்கிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது சத்தம் நின்றது.

உள்ளே மங்கல் வெளிச்சம், புகை. ஓரமாக நிறுத்தவும் வழியில்லை. பின்னால் லாரிகள் வரிசையாக முட்டிக்கொண்டு வந்தன. அவர் முகவாய் மார்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டரைக் கிலோமீட்டருக்கும் "பனி எப்படிண்ணே", "பிள்ளைங்க எத்தனைண்ணே", "உருளைக்கிழங்கு விளைச்சல் எப்படிண்ணே" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "ம்", "ம்", "ம்" என்ற பதில், மூன்றாவது ஏறக்குறைய குறட்டை.

வெளியே வந்தோம். எல்லாம் வெள்ளை. கீழே, ரொம்பக் கீழே, சூசாமிர் பள்ளத்தாக்கு ஒரு விரித்த துப்பட்டி மாதிரி கிடந்தது. அதுவரைக்கும் சாலை மடிந்து மடிந்து இறங்கியது. ஒரு வளைவில் பள்ளம் அவர் பக்கம், அடுத்ததில் என் பக்கம். தடுப்புச் சுவர் இருந்த இடங்களில் ஏற்கெனவே யாரோ அதை உடைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பின் சீட்டில் தெமிர்போலோத் அண்ணன் பெருமூச்சு விட்டார். "அழகுதான். ஆனா எங்க ஏரி மாதிரி வராது. எந்தக் குளிருக்கும் உறையாத தண்ணி. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, நடுவுல நீலம். மத்த மாகாணத்துலெல்லாம் என்ன இருக்கு? நரினையே எடுத்துக்குங்க, மரம் இருக்கா? ஒரு குதிரையக் கட்ட வேணும்னா இன்னொரு குதிரைலதான் கட்டணும்."

ஜுமாகாதிரின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

"யாருய்யா சொன்னது மரம் இல்லன்னு?" என்றார். கண் அகலமாகத் திறந்திருந்தது. வளைவு வந்தது, அழகாகத் திருப்பினார். "நரின் ஆத்தோரமா வந்து பாருய்யா, தேவதாரு எப்படி நிக்குதுன்னு. உங்க ஏரில குளிக்க வர்றவன் எல்லாம் என்ன செஞ்சுட்டுப் போறான்னு எங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு அந்த இடத்தில்தான் ஞானம் பிறந்தது. கேள்விக்கு எழாத மனிதர் அவமானத்துக்கு எழுகிறார்.

உடனே நானும் களத்தில் இறங்கினேன். "ஆனா அண்ணே, நரின்ல ஒம்பது மாசம் குளிர்காலம், மீதி மூணு மாசம் கடுங்குளிர்காலம்னு சொல்றாங்களே?"

"சொல்றவன் எந்த ஊரு?"

"சூய் சமவெளி."

"சூயா!" அவர் சிரித்தே விட்டார். "கிழங்கு வயலு, சேறு, மறுபடி கிழங்கு வயலு. அங்க இருக்கிறவனுக்கு அழகுன்னா என்னன்னு தெரியுமா?"

சூய் என் ஊர். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நானும் சூய்க்காரன்தான் என்று சொல்லி மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டேன். மூன்று வளைவு உயிரோடு கடந்தோம்.

ஆனால் கோபம் சூப்பில் போடும் உப்பு மாதிரி. குறைந்தால் தூங்கிவிடுகிறார். கூடினால் வேறு ஆபத்து. "உங்க நரின்லயும் சோங்-குல்னு ஒரு ஏரி இருக்காமே, குட்டை மாதிரி?" என்று நான் கேட்டதும், அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஏரி எவ்வளவு அகலம் என்று காட்டுவதற்காக. அது மிகவும் அகலமான ஏரி.

"புரிஞ்சுதுண்ணே, புரிஞ்சுது! பெரிய ஏரி! கை, கை!"

இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் தூங்குகிறார் என்று பின் சீட்டு இரண்டு பேரிடமும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தெமிர்போலோத் அண்ணன் பதறினால் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிற ரகம். பனிக்கட்டி மேல் இரண்டு பேர் ஓட்டினால் பள்ளத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் உகுல்கான் அக்காவுக்குச் சமாதானம் செய்கிற ஆசை வந்தது.

"எதுக்கு அவரை எல்லாரும் வம்புக்கு இழுக்கிறீங்க?" என்றார். ஓர் அக்ரூட் பருப்பை டிரைவரிடம் நீட்டினார். "இந்தாங்க தம்பி, எங்க காட்டோடது. நான் உங்க நரினுக்கு ஒரு தடவை வந்திருக்கேன். கோடைல. என்ன வானம்! கைய நீட்டினா தொட்டுடலாம். அந்தப் புல்லு வாசனை... ராத்திரி குதிரைங்க மேயற சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கினேன் பாருங்க, அப்படி ஒரு தூக்கம் என் வாழ்க்கைல..."

"ஆமாக்கா" என்றார் ஜுமாகாதிர். குரல் வெண்ணெயாய் உருகியது. முகத்தில் ஒரு குழந்தைப் புன்னகை. "அந்தச் சத்தம்... சரக், சரக்னு..."

இமை இறங்கியது.

"அக்கா, வாய மூடுங்க!" என்று அலறினேன்.

வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. சாலை நேராகப் போகவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். திரும்பினார். பின்சக்கரம் ஒன்று சாலையின் விளிம்பில் சரளைக் கற்களைக் காற்றில் அள்ளி வீசியது. அந்தக் கற்கள் கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. காத்திருந்தேன். கேட்கவில்லை.

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? சூய்க்காரங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு ஊர்ல சொல்றது சரிதான்" என்றார் அக்கா, கண் கலங்க. அவர் கல்லைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏன் புடிச்சு உலுக்கறீங்க?" என்றார் ஜுமாகாதிர். அப்புறம் அவராகவே, தூக்கத்தை விரட்டுவதற்கு, பழைய புண்ணைச் சொரிந்துகொண்டார். "பாராட்டறதுக்கு ஆளே இல்ல எங்களுக்கு. ஒரு காலண்டர் போடறாங்க தெரியுமா, எல்லா வீட்லயும் தொங்குமே? ஏரிக்கு மூணு மாசம். அக்ரூட்டுக்கு ரெண்டு. எங்களுக்கு என்ன? பிப்ரவரி! இருபத்தெட்டு நாள்ல கிழிச்சுப் போட்டுடுவான். அதுக்குக் கீழ ஒரு கழுதை எழுதியிருக்கு: 'மனித வாடையே இல்லாத வெண்பனி.' அந்தக் கழுதை என் கைல கிடைச்சுதுன்னா..."

நான் சாலையைப் பார்த்தேன். ரொம்பக் கவனமாகப் பார்த்தேன். கிடைத்த கழுதை அவருக்கு இடப்பக்கம், ஒரு முழ தூரத்தில், காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தது.

"கிடைச்சா என்ன செய்வீங்க?" என்று தெமிர்போலோத் அண்ணன் ஆவலாகக் கேட்டார்.

"தோல உரிச்சுக் கம்பளம் விரிப்பேன்."

அந்தக் கோபம் நாலு வளைவுகளுக்குத் தாங்கியது. ஐந்தாவதில் தீர்ந்துபோனது. நான் நரினின் குளிரைத் திட்டினேன், "ம்" என்றார். நரினின் சாலைகளைத் திட்டினேன், "ம்" என்றார். ரொட்டியைத் திட்டினேன். ஆண்டவன் மன்னிக்கட்டும், அவர்கள் குதிரைகளையே திட்டினேன். அதற்கும் ஓர் "ம்". முகவாய் மார்பில் தொட்டது. அடுத்த வளைவு தெரிந்தது. பள்ளம் என் பக்கம். தடுப்புச் சுவர் இல்லை. விளிம்பில் பிளாஸ்டிக் பூக்கள் கட்டிய ஓர் இரும்புக் கம்பம் நின்றது. அதில் யாரோ ஒருவருடைய புகைப்படம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் தோல்.

"அண்ணே" என்று அவர் காதுக்குள் கத்தினேன். "அந்தக் கழுதை நான்தான்! பிப்ரவரி நான் போட்டது! நான் நரினைப் பார்த்ததே இல்ல! நாற்காலில உக்காந்துக்கிட்டு எழுதினேன்! அடுத்த வருஷமும் பிப்ரவரிதான் போடுவேன்!"

விழித்தார். அவ்வளவு முழுதாக ஒரு மனிதன் விழித்து நான் பார்த்ததில்லை.

"நீயா?" என்றார்.

பிரேக்கை மிதித்தார். வண்டிக்கு அது பிடிக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு பனிக்கட்டி மேல் மெதுவாக, ஒரு கல்யாண நடனம் மாதிரி சுற்றியது. வெள்ளை மலை, கம்பத்துப் படம், வந்த சாலை, மறுபடியும் வெள்ளை மலை. அக்கா கல்மா சொன்னார். நான் கதவுப் பிடியைக் கட்டிக்கொண்டேன். பிறகு மலைப்பக்கத்துப் பனிக்குவியலில் பொத்தென்று வண்டியின் பின்புறம் புதைந்து நின்றது. மூடிய வண்டிக்குள் மீன் வாசனை குப்பென்று அடித்தது.

நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதே எனக்குப் போதும். ஆனால் அவருக்குப் போதவில்லை. கதவைத் திறந்து, சுற்றி வந்து, என் கதவைத் திறந்தார்.

"இறங்கு."

இறங்கினேன். அவர் கையை ஓங்கினார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன், அதற்கு மட்டும் நேரம் கொடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றிருந்தது.

"அந்தப் படத்தை நீ சரியாப் பாத்தியா?" என்றார். "மலை அடிவாரத்துல, வலப்பக்கம், கறுப்பா ஒரு புள்ளி. பாத்தியா?"

"பாத்தேன். அச்சுக் கறைன்னு நினைச்சேன்."

"அது எங்கண்ணன்."

ஓங்கிய கையை இறக்கினார்.

"போட்டோ எடுக்க வந்தவனுக்கு மூணு நாள் சோறு போட்டு, குதிரைல ஏத்திக் கூட்டிட்டுப் போனது எங்கண்ணன். காலண்டர் வந்ததும் தெருவுல போற வர்றவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாரு. 'இதோ நான், இதோ நான்'னு. கீழ மனித வாடையே இல்லன்னு போட்டிருக்கு. அதை விரலால மூடிக்கிட்டுக் காட்டினாரு."

அவர் திரும்பி, கிழக்கே, நரின் இருக்கும் பக்கம் பார்த்து நின்றார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் குனிந்தார். எங்கள் ஆண்கள் சாவு வீட்டு வாசலில் நிற்கிற அதே நிலை. "என் கூடப்பொறந்தவனே... ஏ..." என்று ஆரம்பித்தார். மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

உகுல்கான் அக்கா வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அந்தக் குரலுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. "எப்பய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"போன வாரம். கூட்டமா வந்து அழறவங்களை மூணு நாள் வாசல்ல நின்னு அழுதே வரவேத்தேன்க்கா. கண்ணை மூடல. அதுக்கப்புறமும் முடியல. ஜலாலாபாத்ல அவரு பொண்ணு, புருல்சா. பத்து நாள் முன்னாடிதான் பிள்ளை பெத்தா. போன்ல சொல்ற சேதியா இது? அவ போனைப் பழுதுன்னு சொல்லி மாமியார் வாங்கி வெச்சிருக்காங்க. இன்னைக்குப் பொழுது சாயறப்போ சொந்தக்காரங்க எல்லாம் ஏதோ விருந்துங்கிற சாக்குல அங்க கூடறாங்க. நான் போய் மெதுவா, சுத்தி வளைச்சு, சொல்லணும். சித்தப்பா நான்தானே."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் தெமிர்போலோத் அண்ணன், தொப்பியைக் கழற்றியபடி.

"சாவு வீட்டுலேர்ந்து வர்ற வண்டின்னா ஏறுவீங்களா? தனியா வந்தா தூங்கிடுவேன். யாராவது பேசிக்கிட்டு வரட்டும்னுதான் பாதிக் கூலிக்கு ஆள் ஏத்தினேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "இவன் நல்லாத்தான் பேசினான்."

நாலு பேரும் பனியில் குந்தி உட்கார்ந்தோம். அக்கா இறந்தவருக்காக வேத வசனம் ஓதினார். கைகளை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டோம். எங்களைத் தாண்டிப்போன லாரிக்காரன் ஒருவன் என்ன ஏது என்று தெரியாமலே வேகத்தைக் குறைத்து, தானும் முகத்தைத் தடவிக்கொண்டு போனான்.

"இப்பக் கிளம்பினாதான் நேரத்துக்கு..." என்று எழுந்தார் ஜுமாகாதிர்.

"உக்காருய்யா!" என்றார் அக்கா. "நீயும் போய்ச் சேந்தா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு சேதி சொல்ல வேற ஆள் தேடணும். ஒரு மணி நேரம் படு. உன் சொந்தக்காரங்க இன்னும் ரெண்டு துண்டு கறி சாப்பிட்டுக் காத்திருப்பாங்க."

பின் சீட்டில் படுத்தார். தலை சாய்வதற்குள் குறட்டை வந்தது. தெமிர்போலோத் அண்ணன் மீன் மூட்டையைத் தலைமாட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. நான் என் கோட்டைப் போர்த்திவிட்டேன். அது பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பயம் இன்னும் குளிர்ந்திருக்கவில்லை, வேர்த்துக்கொண்டிருந்தது.

வெளியே நின்றேன். எதிரே இருந்தது பதினோரு வருடத்தில் நான் அச்சடித்த எந்தப் படத்திலும் இல்லாத அழகு. எந்த மாகாணத்தில் சேர்த்தி என்று எல்லைக்கல்லைத் தேடக்கூடத் தோன்றவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்றுதான் தேடினேன். வெகு கீழே ஒன்று இருந்தது. பாறையாக இருக்கலாம். குதிரையாகவோ ஆளாகவோ இருக்கலாம். என் கண்ணை நம்பி எதுவும் சொல்வதற்கில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா எழுப்பினார். ஜுமாகாதிர் பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டார். நாங்கள் மூவரும் வண்டியைப் பனியிலிருந்து தள்ளிவிட்டோம். நான் தள்ளியதை விட விழுந்ததுதான் அதிகம். அவர் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். நான் நைசாகப் பின் கதவைத் திறந்தேன்.

"முன்னாடி" என்றார்.

உட்கார்ந்தேன். வண்டி அடுத்த வளைவுக்குள் இறங்கியது. பள்ளம் என் பக்கம். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சும்மா வர்றே?" என்றார், சாலையிலிருந்து கண் எடுக்காமல். "திட்டு."

"என்னன்னுண்ணே திட்டறது?"

"ஏதாவது. நரினை."

நான் தொண்டையைச் செருமினேன். எழுத்துக்காரன் என்று பெயர், தெமிர்போலோத் அண்ணன் வரியைத்தான் கடன் வாங்கினேன்.

"நரின்ல..." என்றேன். "நரின்ல ஒரு குதிரையக் கட்டணும்னாகூட மரம் கிடையாது."

"இருக்குடா" என்றார் அவர், இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருக்க. "எங்கண்ணன் வீட்டு வாசல்ல ஒண்ணு இருக்கு. சொல்லு, அப்புறம்?"